புரிதல் குறையாமல் வேகமாகப் படிக்கப் பழகுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

நிமிடத்துக்கு 1,000 சொல் படிக்கலாம், 2,000 சொல் படிக்கலாம் என்று ஆசை காட்டும் வகுப்புகளும் ஆப்களும் நிறைய உண்டு. அவற்றுக்குப் பணம் கட்டும் முன் ஒரு எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். மார்க் பிரைஸ்பேர்ட் என்ற பெல்ஜிய உளவியல் ஆய்வாளர் 2019-இல் 190 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார். அவற்றில் பங்கெடுத்தவர்கள் மொத்தம் 18,573 பேர். ஆங்கிலத்தில் மனதுக்குள் படிக்கும் பெரியவர்களின் சராசரி வேகம் கட்டுரை வகை நூல்களுக்கு நிமிடத்துக்கு 238 சொல், கதைகளுக்கு 260 சொல். வாய்விட்டுப் படித்தால் 183. கட்டுரைகளைப் பொறுத்தவரை பெரும்பாலானோர் 175-க்கும் 300-க்கும் நடுவில்தான் இருக்கிறார்கள்.

ஆக, எல்லா வரியையும் படித்து, புரிந்தும்கொண்டு, 1,000 சொல்லைத் தாண்டுவது நடக்காத காரியம். அதற்காக வேகத்தைக் கூட்டவே முடியாது என்று நினைத்துவிட வேண்டாம். 150-இல் இருப்பவர் 220-க்கு வரலாம். 220-இல் இருப்பவர், எதை முழுதாகப் படிப்பது, எதை மேலோட்டமாகப் பார்ப்பது என்று பிரிக்கக் கற்றுக்கொண்டால், ஒரு வாரத்தில் முடிக்கிற வேலையைப் பாதி நேரத்தில் முடிக்கலாம். வேகத்தின் பெரும்பகுதி கண்ணில் இல்லை, மொழியிலும் விஷய ஞானத்திலும் இருக்கிறது என்பதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை. அதனால் கண் பயிற்சிகளுக்குக் கொஞ்சம் இடமும் மற்றவற்றுக்கு நிறைய இடமும் கொடுத்திருக்கிறேன்.

முதலில், கண் எப்படிப் படிக்கிறது என்று பாருங்கள்

இதை நீங்களே பார்க்கலாம். அச்சிட்ட ஒரு தாளின் நடுவில் பென்சிலால் சின்ன ஓட்டை போடுங்கள். எதிரில் ஒருவரை உட்காரவைத்து, தாளை அவர் பக்கம் பிடித்துப் படிக்கச் சொல்லுங்கள். பின்னாலிருந்து ஓட்டை வழியாக அவர் கண்ணைக் கவனியுங்கள். வரியின் மேல் கண் வழுக்கிக்கொண்டு போகும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். உண்மையில் அது குதித்துக் குதித்துப் போகும்: நிற்கும், குதிக்கும், நிற்கும், குதிக்கும். சில சமயம் சட்டென்று பின்னாலும் போகும்.

ஒவ்வொரு நிறுத்தமும் சுமார் கால் நொடி. குதிப்பு அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் எடுத்துக்கொள்கிறது என்று சொல்லலாம்; 20 முதல் 35 மில்லி நொடிதான். எழுத்து உள்ளே போவதெல்லாம் கண் நிற்கும்போதுதான். ஆங்கிலம் படிப்பவர்களின் கண் ஒரு குதிப்பில் ஏழு முதல் ஒன்பது எழுத்து நகர்கிறது. குதிப்புகளில் 10 முதல் 15 விழுக்காடு பின்னோக்கியவை.

இன்னொரு சோதனை. ஒரு புத்தகத்தைத் திறந்து, ஏதாவது ஒரு வரியின் நடுச் சொல்லில் பார்வையை ஆணியடித்த மாதிரி நிறுத்துங்கள். கண்ணை அசைக்காமல், அந்தச் சொல்லுக்கு வலப்புறம் உள்ள சொல் என்ன என்று பாருங்கள். ஓரளவு தெரியும். அதற்கு அடுத்தது? மங்கல். அதற்கும் அடுத்தது? அங்கே ஏதோ கறுப்பாக இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. விழித்திரையின் நடுவில் உள்ள மிகச் சிறிய பகுதிக்குத்தான் நுணுக்கமான உருவங்களைப் பிரித்தறியும் கூர்மை உண்டு. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் நகத்தின் அகலம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் வீச்சு. 1975-இல் ஜார்ஜ் மக்கான்கியும் கீத் ரேனரும் செய்த ஆய்வு முதல் பல ஆய்வுகள் இதையே அளந்து சொல்லியிருக்கின்றன. ஆங்கில வாசகர் நிற்கும் இடத்துக்கு இடப்புறம் மூன்று நான்கு எழுத்தும், வலப்புறம் 14, 15 எழுத்து வரையும்தான் ஏதாவது பயன்படுகிறது. அதிலும் சொல்லை அடையாளம் காணும் அளவுக்குத் தெரிவது ஏழெட்டு எழுத்துதான்.

எனவே ஒரு பத்தியை ஒரே பார்வையில் விழுங்கலாம், பக்கத்தைப் படம்பிடித்த மாதிரி மனதில் பதிக்கலாம் என்று யாராவது சொன்னால் அது கண்ணின் அமைப்புக்கே பொருந்தாது. பக்கவாட்டுப் பார்வையை விரிக்கும் பயிற்சி என்று விற்கப்படுபவற்றில் உங்கள் மாலை நேரங்களைச் செலவழிக்காதீர்கள்.

வேக வாசிப்பு வகுப்புகள் என்ன தருகின்றன?

இந்த வகுப்புகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் ஆசிரியராக இருந்த ஈவ்லின் வுட் 1959-இல் தன் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். பக்கத்தின் மேல் கையை ஓட்டி, கண்ணை அதன் பின்னால் ஓடவிடுவது அவர் முறை. அது பெரும் புகழ் பெற்றது. அதிபராக இருந்தபோது ஜிம்மி கார்ட்டர்கூட இந்தப் பயிற்சியை எடுத்துக்கொண்டார்.

பின்னாளில் மார்சல் ஜஸ்ட், பாட்ரிசியா கார்பென்டர் ஆகிய ஆய்வாளர்கள், வேக வாசிப்புப் பயிற்சி பெற்றவர்களையும், பயிற்சியே இல்லாமல் மேலோட்டமாகப் படிக்கச் சொல்லப்பட்டவர்களையும், சாதாரணமாகப் படித்தவர்களையும் ஒப்பிட்டார்கள். எளிய பகுதியின் சாரத்தைச் சொல்வதில் வேக வாசகர்கள் தேறினார்கள். நுணுக்கமான விவரங்களைக் கேட்டபோது, நிதானமாகப் படித்தவர்களைவிடப் பின்தங்கினார்கள். அதாவது அவர்கள் கற்றது திறமையான மேலோட்ட வாசிப்பு. அது மதிப்புள்ள திறமைதான், நாமும் அதைக் கற்கப்போகிறோம். ஆனால் அதை முழு வாசிப்பு என்று நம்பிவிட்டால் தேர்விலோ ஒப்பந்தத்திலோ அடி விழும்.

2014 வாக்கில் இன்னொரு அலை வந்தது. திரையில் ஒரே இடத்தில் ஒவ்வொரு சொல்லாக மின்னிமறையும் ஆப்கள். கண்ணை அசைக்கவே வேண்டாம், அதனால் நேரம் மிச்சம் என்றார்கள். ஆனால் மேலே பார்த்தபடி, கண் நகர்வதற்கு ஆகும் நேரமே சொற்பம். தவிர, அந்த முறையில் பின்னால் போக வழியில்லை. அதே ஆண்டில் எலிசபெத் ஷாட்டரும் ரேனரும் ஒரு சோதனை செய்தார்கள்: கண் கடந்துபோன சொல்லை உடனே மறைத்துவிட்டார்கள். திரும்பிப் பார்க்க முடியாமல் போனதும் புரிதல் தெளிவாகக் குறைந்தது. பின்னோக்கிய குதிப்பில் ஒரு பகுதி, மூளை தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் வேலை.

சரி, இனி செய்முறைக்கு வருவோம்.

படி 1: இப்போதைய வேகத்தை அளந்துகொள்ளுங்கள்

நீங்கள் இதுவரை படிக்காத, ஓரளவு எளிதான புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். போனில் ஐந்து நிமிடத்துக்கு டைமர் வையுங்கள். போட்டி மனப்பான்மை வேண்டாம், வழக்கம்போல் படியுங்கள். மணி அடித்ததும் நிறுத்திய இடத்தில் குறி போடுங்கள்.

இப்போது புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததில் நினைவில் உள்ளதை ஒரு தாளில் எழுதுங்கள். பலர் இதைச் செய்யாமல் கணக்குக்குத் தாவுகிறார்கள். புரிதலை அளக்காத வேகத்துக்கு எந்த மதிப்பும் இல்லை.

அப்புறம் கணக்கு. நிறைந்த ஐந்து வரிகளில் உள்ள சொற்களை எண்ணி ஐந்தால் வகுங்கள். உதாரணமாக ஐந்து வரியில் 40 சொல் என்றால் வரிக்கு 8. நீங்கள் 100 வரி படித்திருந்தால் 800 சொல். ஐந்து நிமிடத்துக்கு அது, ஆகவே நிமிடத்துக்கு 160.

தமிழில் அளக்கும்போது அந்த 238-உடன் ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம். வேற்றுமை உருபு, பன்மை, துணைவினை எல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் மொழி இது. ‘பேசிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பதை ஒரே சொல்லாக எண்ணுகிறோம். சொற்கள் நீளம், எண்ணிக்கை குறைவு. அதனால் தமிழில் வரும் எண் ஆங்கில எண்ணைவிடக் குறைவாகத்தான் இருக்கும். தமிழுக்கு ஒரு கணக்கு, ஆங்கிலத்துக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாகக் குறித்துவைத்து, உங்களை உங்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

எண் மிகக் குறைவாக இருந்தால், அல்லது படித்த கொஞ்ச நேரத்திலேயே தலைவலி, எழுத்து இரட்டையாகத் தெரிவது போன்ற தொல்லைகள் இருந்தால், எந்தப் பயிற்சிக்கும் முன்னால் கண் மருத்துவரைப் பாருங்கள். சிறுவயதிலிருந்தே எழுத்துக்கூட்டிப் படிப்பது பெரும்பாடாக இருந்திருந்தால் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு காரணமாக இருக்கலாம். அதற்கென்று தனிப் பயிற்சிகள் உண்டு, உரியவர்களிடம் கேளுங்கள். அதை சோம்பேறித்தனம் என்று நினைத்துக் குமைய வேண்டியதில்லை.

படி 2: எந்த கியரில் படிக்கப்போகிறீர்கள் என்று தீர்மானியுங்கள்

ரொனால்ட் கார்வர் என்ற அமெரிக்க ஆய்வாளர் வாசிப்பை வண்டியின் கியர் போல ஐந்தாகப் பிரித்தார். கல்லூரி மாணவர்களை வைத்து அவர் சொன்ன வேகங்கள் ஏறக்குறைய இப்படி: ஒரு குறிப்பிட்ட சொல்லையோ எண்ணையோ தேடினால் நிமிடத்துக்கு 600 சொல், மேலோட்டமாகப் பார்த்தால் 450, சாதாரணமாகப் புரிந்து படித்தால் 300, பாடம் கற்க 200, மனப்பாடம் செய்ய 138.

இதில் எனக்கு மிகவும் பயன்படுவது எண்களைவிட அந்தப் பிரிவினைதான். மெதுவாகப் படிக்கிறேன் என்று வருந்துபவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே கியரில் படிக்கிறார்கள். அலுவலகச் சுற்றறிக்கைக்கும் பாடப்புத்தகத்துக்கும் நாவலுக்கும் அதே வேகம், அதே கவனம். படிக்க உட்காரும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதை முடித்ததும் எனக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? பதில் ஒரே வரியில் வர வேண்டும். வராவிட்டால், அதை இப்போது படிக்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். நேரத்தை மிச்சப்படுத்துவதில், படிக்காமல் விட்ட ஒரு கட்டுரைக்கு ஈடு கிடையாது.

படி 3: முன்னோட்டம் பாருங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் உடனடிப் பலன். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் கையில் 40 பக்க அறிக்கை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேள்வி: ‘போன ஆண்டைவிடச் செலவு ஏன் கூடியது?’ முதல் பக்கத்திலிருந்து வரிவரியாகத் தொடங்கினால் இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். அதற்குப் பதில் பத்து நிமிடத்தை இப்படிச் செலவிடுங்கள்.

தலைப்பு, தேதி, யார் எழுதியது. அடுத்து பொருளடக்கம், அதில் செலவு தொடர்பான அத்தியாயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சுருக்கவுரையை முழுதாக, நிதானமாகப் படியுங்கள். அங்கிருந்து நேராகக் கடைசிக்குப் போய் முடிவுரையைப் படியுங்கள். இப்போது அறிக்கையின் வாதம் ஓரளவு தெரிந்துவிட்டது. அடுத்து பக்கங்களைப் புரட்டிக்கொண்டே துணைத்தலைப்புகள், அட்டவணைகள், படங்களின் கீழே உள்ள வரிகள். செலவைப் பற்றிய இரண்டு அத்தியாயங்களில் ஒவ்வொரு பத்தியின் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் பாருங்கள். ‘ஆனால்’, ‘இருப்பினும்’, ‘இதன் விளைவாக’, ‘முக்கியமாக’ போன்ற சொற்கள் தென்பட்டால் அங்கே நின்றுவிடுங்கள். எழுதியவர் திரும்புகிற இடமும் முடிவைச் சொல்கிற இடமும் அவைதான்.

இதற்குப் பிறகு, முழுதாகப் படிக்க வேண்டியது ஆறேழு பக்கமாகச் சுருங்கியிருக்கும். அவற்றை நல்ல நிதானத்துடன் படியுங்கள்.

முழுதாகப் படிக்க வேண்டிய பாடநூலுக்கும் இதே முன்னோட்டம் உதவும். எங்கே போகிறோம் என்று தெரிந்த மனம் ஒவ்வொரு வாக்கியத்தையும் எளிதாகப் பொருத்திக்கொள்கிறது. ஃபிரான்சிஸ் ராபின்சன் 1940-களில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஐந்து படி முறையும் இங்கேதான் தொடங்குகிறது: மேலோட்டமாகப் பார், கேள்வி எழுப்பு, படி, பார்க்காமல் சொல், மறுபடி சரிபார். துணைத்தலைப்பை எல்லாம் கேள்வியாக மாற்றிக்கொள்வது அதில் எனக்குப் பிடித்த உத்தி. ‘மண் அரிப்பின் காரணங்கள்’ என்று இருந்தால், ‘மண் ஏன் அரிக்கப்படுகிறது?’ என்று கேட்டுக்கொண்டு படியுங்கள். பதில் கிடைத்ததும் மனம் அதைத் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

நாவலுக்கு முன்னோட்டம் வேண்டாம். முடிவைத் தெரிந்துகொள்ளும் அவசரத்தில் ஒரு நல்ல கதையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 4: வீணாகத் திரும்பிப் போவதைக் குறையுங்கள்

பின்னோக்கிய குதிப்பு முழுவதும் கெட்டதில்லை என்று பார்த்தோம். புரியாததால் திரும்புவது நல்லது. கவனம் சிதறியதால் திரும்புவதுதான் நேரத்தைத் தின்கிறது. அரைப் பக்கம் படித்திருப்போம், மனம் வேறெங்கோ போயிருக்கும், மறுபடி மேலே போவோம். இதற்குப் பென்சில் ஒன்று போதும். வரியின் கீழே, எழுத்தைத் தொடாமல், நிதானமாக இழுத்துக்கொண்டே போங்கள். வரி முடிந்ததும் அடுத்த வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். கண் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வி போய்விடும். வரி மாறும்போது வழி தவறுவதும் குறையும்.

பென்சிலின் வேகம் புரிதலின் வேகத்துக்கு ஒட்டி இருக்கட்டும். வேண்டுமென்றே வேகமாக இழுத்தால் கண் ஓடும், மனம் ஓடாது.

ஒரு சொல் புரியவில்லை என்றால் உடனே நிற்காதீர்கள். பத்தி முடியும்வரை போங்கள். பல சமயம் இரண்டாவது வாக்கியத்திலேயே விளக்கம் வந்துவிடும். பத்தி முடிந்தும் புரியவில்லை என்றால், அப்போது திரும்பிப் போங்கள், தயங்காமல்.

படி 5: உள்குரலைக் கொல்ல முயலாதீர்கள்

மனதுக்குள் ஒலிக்கும் குரலை நிறுத்தினால் வேகம் பறக்கும் என்பது வகுப்புகளில் அடிக்கடி கேட்கும் அறிவுரை. வாயில் எதையாவது முணுமுணுத்துக்கொண்டோ, எண்களைச் சொல்லிக்கொண்டோ படித்தால் அந்தக் குரல் அடங்கிவிடும் என்பார்கள். அடங்கலாம், கூடவே புரிதலும் அடங்கும். 1980-இல் வெளிவந்த ஸ்லோவியாசெக், கிளிஃப்டன் ஆகியோரின் ஆய்வில், உள்குரலைத் தடுத்தபோது தனித்தனிக் கருத்துகளை ஒன்றோடொன்று இணைத்துப் பார்ப்பதில் வாசகர்கள் தடுமாறினார்கள். நீண்ட வாக்கியத்தின் தொடக்கத்தை, அதன் முடிவு வரும்வரை கையில் பிடித்துவைத்திருப்பதற்கு அந்தக் குரல் உதவுகிறது. வினைச்சொல் கடைசியில் வரும் தமிழ் போன்ற மொழியில் இந்த உதவியை இழப்பது நல்லதில்லை என்பது என் கருத்து.

உதடு அசைகிறதா என்று மட்டும் பாருங்கள். விரலை உதட்டில் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் படித்தால் தெரிந்துவிடும். அசைந்தால், அந்தப் பழக்கத்தை விட்டுவிடலாம். வாய்விட்டுப் படிப்பதற்கும் மனதுக்குள் படிப்பதற்கும் உள்ள 183-க்கும் 238-க்குமான இடைவெளியில் கொஞ்சம் இங்கே கிடைக்கும். கடினமான பகுதி வரும்போது உதடு தானாக அசையத் தொடங்கினால் அப்படியே விட்டுவிடுங்கள். மூளை உதவி கேட்கிறது.

படி 6: திரும்பப் படித்து வேகம் ஏற்றுங்கள்

அமெரிக்கக் கல்வியாளர் ஜே சாமுவேல்ஸ் 1979-இல் எழுதிய ஒரு கட்டுரை, வாசிப்புப் பயிற்சியில் இன்றும் பேசப்படுகிறது. படிக்கத் திணறும் மாணவர்களுக்கு ஒரு சிறிய பகுதியைக் கொடுத்து, குறிப்பிட்ட வேகம் வரும்வரை அதையே திரும்பத் திரும்ப வாசிக்கவைத்தார். அதே பகுதி வேகமாக வந்ததில் ஆச்சரியம் இல்லை. அடுத்துக் கொடுத்த புதிய பகுதியையும் அவர்கள் தொடக்கத்திலேயே கூடுதல் வேகத்தில் வாசித்தார்கள், இலக்கை எட்டத் தேவைப்பட்ட தடவைகளும் குறைந்தன. சொற்களை அடையாளம் காண்பது யோசிக்காமலே நடக்கத் தொடங்கியதும், கவனம் முழுவதும் பொருளுக்குப் போக முடிந்தது.

இந்த முறையால் அதிகம் பயனடைபவர்கள், எந்த மொழியில் தடுமாறுகிறார்களோ அந்த மொழியில் வேகம் தேடுபவர்கள். தமிழை நன்றாகப் பேசினாலும் படிக்கும்போது எழுத்துக்கூட்டுபவர்கள், ஆங்கிலம் புரிந்தாலும் மெதுவாக நகர்பவர்கள். இப்படிச் செய்யுங்கள்: 200 சொல் அளவுள்ள ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். முதல் முறை படித்து நேரத்தைக் குறியுங்கள். தெரியாத சொற்களுக்குப் பொருள் பாருங்கள். இரண்டாவது முறை வாய்விட்டு, பேசுகிற ஏற்ற இறக்கத்தோடு படியுங்கள். மூன்றாவது முறை மனதுக்குள், நேரம் பார்த்து. மறுநாள் புதிய பகுதி. குறிப்பேட்டில் முதல் முறை எடுத்த நேரத்தை மட்டும் தேதி போட்டு எழுதிவைத்தால் போதும். முன்னேற்றத்தைக் காட்டும் எண் அதுதான்.

பயிற்சிக்கான பகுதி எளிதாக இருப்பது ரொம்ப முக்கியம். மொழி கற்பித்தலில் நீண்ட காலம் ஆய்வு செய்த பால் நேஷனும் அவருடைய சகா ஒருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வின்படி, யார் உதவியும் இல்லாமல் ஒரு கதையைப் படித்துப் புரிந்துகொள்ள, அதிலுள்ள 100 சொல்லில் 98 ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். ஒரு பக்கத்தை எடுத்து, தெரியாத சொல்லுக்கெல்லாம் ஒரு விரல் மடக்குங்கள். 100 சொல்லுக்குள் மூன்றாவது விரலும் மடங்கினால் அது வேகப் பயிற்சிக்கு உரிய புத்தகம் இல்லை. அதை மெதுவாக, அகராதியோடு வேறு நேரத்தில் படிக்கலாம்.

படி 7: சொல்வளமும் விஷய ஞானமும்

இதுதான் மெதுவான வழி, இதுதான் நிலைக்கிற வழியும். கண்ணின் நிறுத்தங்களை அளந்த ஆய்வுகளில் மாறாமல் வரும் முடிவு ஒன்று உண்டு: அரிதான சொல்லில் கண் அதிக நேரம் நிற்கிறது, பழகிய சொல்லைச் சட்டென்று கடக்கிறது, மிகவும் எதிர்பார்த்த சொல்லாக இருந்தால் சில சமயம் அதன் மேல் நிற்காமலே தாண்டிவிடுகிறது. ரேனரும் நான்கு சக ஆய்வாளர்களும் 2016-இல் வேக வாசிப்பு பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டி எழுதியபோது, வேகத்துக்கும் புரிதலுக்கும் இடையே ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றொன்றைப் பெற முடியும் என்றார்கள். இரண்டையும் சேர்த்து உயர்த்த அவர்கள் காட்டிய வழி, மொழித்திறனை வளர்ப்பது, அதற்காக நிறையப் படிப்பது.

விஷய ஞானத்தின் வலிமைக்கு 1988-இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி ஆகியோர் செய்த பேஸ்பால் ஆய்வைச் சொல்ல வேண்டும். ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேருக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று கருதப்பட்டாலும் பேஸ்பால் நன்றாகத் தெரிந்த மாணவர்கள், நன்றாகப் படிக்கக்கூடிய ஆனால் அந்த ஆட்டம் தெரியாத மாணவர்களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள், அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். வாசிப்புத் திறன் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, படிக்கும் விஷயத்தைப் பற்றி முன்பே தெரிந்திருப்பதுதான்.

இதை எப்படிப் பயன்படுத்துவது? ஒரு புதிய துறையில் ஐந்து புத்தகம் படிக்க வேண்டியிருந்தால், கனமான புத்தகத்தில் தொடங்காதீர்கள். பள்ளி மாணவர்களுக்கு எழுதிய எளிய அறிமுக நூல் ஒன்றை முதலில் படியுங்கள். அல்லது அந்தத் தலைப்பில் ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையைப் பாருங்கள். துறையில் திரும்பத் திரும்ப வரும் 20, 30 சொற்களை ஒரு தாளில் பொருளோடு எழுதிவையுங்கள். பிறகு அந்த ஐந்தையும் இடைவெளி விடாமல் அடுத்தடுத்துப் படியுங்கள். முதல் புத்தகம் எடுக்கும் நேரத்தைவிட மூன்றாவது புத்தகம் வெகு குறைவாகவே எடுக்கும். அடிப்படைச் செய்திகள் எல்லாப் புத்தகங்களிலும் வரும், தெரிந்த பகுதியை வந்தவுடன் தாண்டிவிடலாம். எந்தக் கண் பயிற்சியாலும் இந்த அளவு வேகத்தைத் தர முடியாது.

படி 8: இடமும் திரையும்

போன் வேறு அறையில் இருக்கட்டும். நோட்டிஃபிகேஷன் ஒன்று வந்து நாம் அதைப் பார்க்காமல் விட்டாலும், விட்ட வரியைத் தேடும் வேலை மிச்சம் இருக்கும். திரையில் படிக்கிறீர்கள் என்றால் எழுத்தைப் பெரிதாக்கி, வரியின் அகலத்தைக் குறையுங்கள். வரி மிக அகலமாக இருந்தால் அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண் தவறவிடும்.

தாளா, திரையா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. 2018-இல் 54 ஆய்வுகளையும் 1,70,000-க்கும் மேற்பட்டவர்களின் முடிவுகளையும் ஒன்றாகப் பார்த்த தொகுப்பாய்வு ஒன்றில், தாளில் படித்தவர்களே கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள். நேர நெருக்கடி இருந்தபோது வித்தியாசம் இன்னும் அதிகம். கதைகளில் அந்த வித்தியாசம் தென்படவில்லை. எனவே முக்கியமான, செய்திகள் நிறைந்த கட்டுரையை அவசரமாகப் படிக்க வேண்டியிருந்தால் அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

படி 9: மூடிவைத்துச் சொல்லிப் பாருங்கள்

ஒரு பகுதி முடிந்ததும் புத்தகத்தை மூடி, மூன்று வாக்கியத்தில் அதன் சாரத்தைச் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் அந்த வேகம் சரி. முடியாவிட்டால் அடுத்த பகுதியில் வேகத்தைக் குறையுங்கள். படித்ததையே மறுபடி படிப்பதைவிட இதற்குப் பலன் அதிகம். ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006-இல் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகியவர்கள் அவர்களை நன்றாகவே முந்திவிட்டார்கள். ஒருமுறை படித்தது மனதில் நின்றால் அதை மறுபடி படிக்க வேண்டியதில்லை, அந்த நேரமும் மிச்சம்தான்.

ஆறு வாரத்துக்கு ஒரு திட்டம்

தினம் அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால் போதும். முதல் வாரத்தில் வேகத்தை அளப்பதும், படிக்கும் முன் நோக்கத்தை ஒரு வரியில் எழுதுவதும் மட்டும். இரண்டாவது வாரம் முழுக்க முன்னோட்டப் பயிற்சி: தினம் ஒரு நீண்ட கட்டுரையை ஐந்து நிமிடம் மேலோட்டமாகப் பார்த்து, சாரத்தை எழுதி, பிறகு முழுதாகப் படித்து, எதைத் தவறவிட்டீர்கள் என்று ஒப்பிடுங்கள். தொடக்கத்தில் முக்கியமானவை கைநழுவும். வார இறுதிக்குள் எங்கே நிற்க வேண்டும் என்று பிடிபட்டுவிடும்.

மூன்றாவது, நான்காவது வாரங்களில் பத்து நிமிடம் திரும்பப் படிக்கும் பயிற்சி, இருபது நிமிடம் பென்சிலோடு தொடர் வாசிப்பு. ஐந்தாவது வாரத்திலிருந்து பென்சிலை விட்டுப் பாருங்கள், தேவைப்படும் நாளில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். இப்போது ஒரே துறையில் இரண்டு மூன்று நூல்களை அடுத்தடுத்துப் படிக்கத் தொடங்குங்கள். ஆறாவது வாரக் கடைசியில், முதல் நாள் எடுத்த அதே புத்தகத்தின் வேறொரு பகுதியை வைத்து மறுபடி அளந்து பாருங்கள். புத்தகம் மாறினால் எண்ணை ஒப்பிட முடியாது.

வேகம் கூடி, எழுதிய சாரம் மெலிந்திருந்தால் அந்தக் கூடுதலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வேகம் அப்படியே இருந்து சாரம் செழித்திருந்தால், அது முன்னேற்றம். அடுத்த ஆறு வாரத்தில் வேகமும் நகரும். நடுவில் சில வாரங்கள் எண் அசையாமல் நின்றால், பயிற்சி முறையை மாற்றாமல் பயிற்சி நூலை மாற்றுங்கள், இப்போது படிப்பதைவிட ஒரு படி எளிதானதாக. அங்கே வேகம் பிடிபட்டதும் பழைய நூலுக்குத் திரும்புங்கள்.

கவிதை, சட்ட ஒப்பந்தம், மருந்துக் குறிப்பு, கணித நிரூபணம் ஆகியவற்றுக்கு இந்தத் திட்டத்தில் இடம் கொடுக்கவில்லை. ஒப்பந்தத்தில் ஒரு ‘அல்லது’ தவறினாலும், மருந்துச் சீட்டில் ஒரு புள்ளி தவறினாலும் விளைவு பெரிது. அவற்றைப் படிக்கும்போது டைமரை அணைத்துவிட்டு, ஒவ்வொரு வரியிலும் தேவையான அளவு நில்லுங்கள்.